ஞாயிற்றுக்கிழமை வேன்

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு விதி உண்டு: வெள்ளிக்கிழமை எதையும் மாற்றாதே. மாற்றியது உடைந்துபோனால், சனி ஞாயிறு விடுமுறையில் சரிசெய்ய ஆள் கிடைக்காது. நான் மலேசியாவில் கெடா மாநிலத்துக்காரி. எங்கள் மாநிலத்தில் ஓய்வு நாளே வெள்ளிதான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, ஆபீஸ் உண்டு, சுங்கைப் பட்டாணி ரோட்டில் காலை நெரிசலும் உண்டு. கோலாலம்பூரில் அச்சடித்து வரும் காலண்டரில் ஞாயிறுதான் சிவப்பாக இருக்கும். என் வீட்டில் புதுக் காலண்டரை ஆணியில் மாட்டியதும் முதல் வேலையாக, சிவப்புப் பேனாவால் பன்னிரண்டு மாதத்து வெள்ளிக்கிழமைகளையும் சுழித்துவிடுவோம். சுழிக்காவிட்டால் யாராவது ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

வீட்டில் இருந்தபடியே கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் புரோகிராம் எழுதிப் பிழைப்பவள் நான். சுங்கைப் பட்டாணியில் ஒரு சங்கம் நடத்தும் சிறிய டயாலிசிஸ் நிலையத்துக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். கிட்னி போனவர்களுக்கு வாரம் மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் நிலையத்தில் ஒரு கூட்டத்துக்குச் சனி, திங்கள், புதன். இன்னொரு கூட்டத்துக்கு ஞாயிறு, செவ்வாய், வியாழன். வெள்ளி மூடல். தோட்டங்களில் இருந்து வருகிறவர்களை ஒரு வேன் போய் ஏற்றி வரும். மறுநாள் யார் யாரை ஏற்ற வேண்டும் என்ற பட்டியலை என் புரோகிராம் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன் ஓட்டும் அண்ணனின் கைப்பேசிக்கு அனுப்பிவிடும்.

அந்த அண்ணனுக்குப் பட்டியலே தேவையில்லை. எந்தத் தோட்டத்து லயத்து வரிசையில் எந்த வீடு, எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பது வரைக்கும் மனப்பாடம். ஒருமுறை பழக்கதோஷத்தில் ஒரு வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்துவிட்டார். அந்த வீட்டு நோயாளி இறந்து மூன்றாம் நாள். வெளியே வந்த மனைவி வேனைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்றைக்கு நான்தான் ஒரு கட்டளை போட்டேன். பட்டியலில் பேர் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் போகாதீர்கள், மனப்பாடத்தை நம்பாதீர்கள் என்றேன். அவரும் தலையாட்டினார். என் புரோகிராம் பொய் சொல்லாது என்று எனக்கு அவ்வளவு திமிர்.

இத்தனைக்கும் அந்தப் புரோகிராமில் நான் எழுதியது கால்வாசிகூடத் தேறாது. மீதியெல்லாம் எங்கெங்கோ இருக்கும் யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்திருக்கும் பேக்கேஜ்கள். நாள் கணக்குக்கு ஒன்று, பட்டியலை அச்சடிக்க ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று. ஒவ்வொன்றும் வேறு சிலவற்றை நம்பி நிற்கும். அவற்றுக்குப் புதிய பதிப்பு வந்துகொண்டே இருக்கும். பழசையே வைத்திருந்தால் திருடன் புக வழி கிடைத்துவிடும். புதுசுக்கு மாறினால் வேறொன்று முறுக்கிக்கொள்ளும். கேஸ் அடுப்புக்குப் புது ரெகுலேட்டர் வாங்கினால் பழைய டியூப் பொருந்தாது, டியூபை மாற்றினால் அடுப்பின் மூக்கில் ஏறாது. அந்தக் கதைதான்.

முதல்முறை புதுப்பித்தபோது நான் செய்தது சுத்தச் சோம்பேறித்தனம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கடைசி நோயாளி இறங்கிப் போனதும், ஒரே கட்டளையில் எல்லாப் பேக்கேஜையும் புதுப்பித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வெள்ளி மூடல். சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காக ஓடியது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். நாங்கள் எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் அழைப்போம்.

“ஏம்மா, வேன் எங்க? டவுன் ஆளுங்க மட்டும்தான் வந்திருக்காங்க. தோட்டத்து ஆளு ஒருத்தர்கூட இல்ல. மெஷின்லாம் சும்மா கெடக்கு.”

வேன் அண்ணனை அழைத்தேன். பின்னால் அலைச் சத்தமும் ஏலம் போடுகிற சத்தமும் கேட்டது. தஞ்சோங் டாவாய்க் கடற்கரையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஏன் போகல?”

“என்னாலா இப்படி கேக்குற? நேத்து சாயங்காலமே மெசேஜ் வந்துச்சே, நாளைக்கு டிரிப் இல்லன்னு. இல்லன்னா போவக்கூடாதுன்னு நீதானே சொன்ன?”

“டிரிப் இருக்குண்ணே, ஒடனே போங்க” என்றேன். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த ஐந்தாவது நிமிடம் விஷயம் தெரிந்துவிட்டது. நாள் கணக்குப் பேக்கேஜை எழுதியவருக்கு ஞாயிறுதான் விடுமுறை. பல வருடங்களுக்கு முன்னால் அதை நிறுவியபோது, அந்தப் பேக்கேஜின் கோப்புக்குள்ளேயே கையை விட்டு, ஞாயிறு என்று இருந்த ஒரே ஒரு வரியை வெள்ளி என்று மாற்றியிருந்தேன். காலண்டரில் பேனாவால் சுழிக்கிற அதே புத்தி. எங்கும் குறித்து வைக்கவில்லை. பிறகு மறந்தும் போனேன். புதிய பதிப்பு வந்து பழைய கோப்பின் மேல் உட்கார்ந்ததும் என் சுழிப்பு அழிந்துபோனது. புதுக் காலண்டரில் மறுபடி சுழிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அண்ணன் மீனோடு வேனைத் திருப்பிப் பறந்தார். அன்று ஏற்ற வேண்டிய பதினொரு பேரில் பத்துப் பேரை ஒன்பதரைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பதினோராவது ஆள் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் தனியாக இருக்கும் ஓர் அக்கா. முப்பது வருடம் ரப்பர் மரத்தில் கித்தாப் பால் வெட்டியவர். மரங்களை அழித்துச் செம்பனை போட்ட பிறகு நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர். எங்கள் நிலையத்தில் ஜன்னலோர மெஷின் அவருடையது. அவர் வீடு பூட்டிக் கிடந்தது. கைப்பேசி உள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே.

செவ்வாய்க்கிழமை வேனில் வந்து இறங்கியபோது அவரால் ஒரு வரி சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. கால் இரண்டும் வீங்கி, செருப்புப் பட்டை சதைக்குள் போயிருந்தது. வியாழனுக்குப் பிறகு ஐந்து நாள் மெஷின் இல்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. எங்கள் மெஷினில் போடவே சிஸ்டர் பயந்தார். ஆம்புலன்ஸ் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனது.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர்தான் மன்னிப்புக் கேட்டார்.

“வேன் வரல. சரி, லீவு போலன்னு நெனச்சிக்கிட்டேன் தங்கச்சி. பக்கத்து தோட்டத்துல வளைகாப்பு, அங்கயே போயி தங்கிட்டேன். ரசம் நல்லா இருந்துச்சு. ரெண்டு டம்ளர் குடிச்சிட்டேன். தண்ணி கொறைக்கணும்னு சிஸ்டர் படிச்சு படிச்சு சொன்னாங்க. என் வாய்தான் எல்லாத்துக்கும் காரணம்.”

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக என் மேலேயே கோபம் வந்தது. “ரசத்து மேல தப்பு இல்லக்கா. நான்தான் கெடுத்தேன். கம்ப்யூட்டர்ல நான் ஒண்ணு மாத்தப் போயி, ஞாயித்துக்கெழம லீவுன்னு ஆயிடுச்சு” என்றேன்.

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இனிமே ஞாயித்துக்கெழம வருமா?” என்று மட்டும் கேட்டார்.

“வரும்க்கா.”

பேக்கேஜ்களை அந்த ஞாயிறன்றே பழைய பதிப்புகளுக்குத் திருப்பி, அந்த ஒரு வரியையும் மறுபடி வெள்ளி என்று மாற்றியிருந்தேன். வேன் ஒழுங்காகப் போனது. ஆனால் அக்கா குணமாகி வந்த பிறகு அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். “செவ்வா, வியாழன்லாம் அந்த அக்கா ஹாரன் அடிச்சாதான் வூட்ட வுட்டு வருது. ஞாயித்துக்கெழமனா மட்டும் அஞ்சு மணிக்கே தோட்டத்து வாசல்ல வந்து நிக்குது. இருட்டுலா, மழ பேஞ்சாலும் கொடய புடிச்சிக்கிட்டு நிக்குது. நான் ஆறு மணிக்குத்தான் போவேன். சொன்னா கேக்க மாட்டேங்குது.”

நான் வரும் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பாமல் போனதற்கு அவரிடம் ஐந்து நாள் மூச்சுத்திணறல் காரணமாக இருந்தது.

அப்படியே ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியது. நான் எதையும் தொடவில்லை. பிறகு, செய்தி அனுப்பும் சேவையிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பழைய பதிப்பில் இருந்து வரும் செய்திகளை மூன்று மாதத்துக்குப் பிறகு ஏற்க மாட்டோம் என்றார்கள். பேசாமல் இருந்தால் பட்டியல் போகாது. புதுப்பித்தால் போன தடவை மாதிரி ஆகலாம். சங்கத் தலைவர், டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர், என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“கோபிச்சிக்காதம்மா. கோலாலம்பூர் கம்பெனி ஒண்ணுகிட்ட குடுத்துறலாம்னு கமிட்டில பேசுறாங்க. இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா நாங்க யாருக்கு பதில் சொல்றது?”

“அவங்களுக்கு ஞாயித்துக்கெழம லீவு ஐயா” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “அதுவும் சரிதான்லா. சரி, செய். ஆனா ஒருத்தர் வுட்டுப்போகக் கூடாது.”

சவால் விட்டால் எனக்கு ரத்தம் சூடாகிவிடும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். நிலையத்தில் ஓடுகிற புரோகிராமை அப்படியே, இன்ன பேக்கேஜ் இன்ன பதிப்பு என்று ஒன்று விடாமல் குறித்து, அதில் நகல் எடுத்தேன். நோயாளிகளின் பெயருக்குப் பதில் எண் போட்டேன். உடைப்பதாக இருந்தால் இனி இங்கே உடைப்பேன், அங்கே கை வைக்க மாட்டேன் என்று முடிவு. சாப்பாட்டை மடியில் வைத்துச் சாப்பிட வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் வேலையாக அந்த வெள்ளிக்கிழமையைப் பேக்கேஜின் வயிற்றுக்குள் இருந்து வெளியே எடுத்தேன். மூடும் நாள் எது என்பதை என்னுடைய சொந்தக் கோப்பில் எழுதி, பேக்கேஜ் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி செய்தேன். இனி எந்தப் புதுப் பதிப்பு வந்து மேலே உட்கார்ந்தாலும் என் வெள்ளி என்னிடம்தான் இருக்கும். பிறகு, வரப்போகும் ஒரு வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் பழைய பதிப்பிலேயே வேன் பட்டியல் தயாரித்து வைத்துக்கொண்டேன். மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து பட்டியல். அதுதான் என் அளவுகோல்.

அதன்பின் ஒரு நேரத்தில் ஒரு பேக்கேஜ். அதைப் புதுப்பிப்பேன். என்ன மாறியிருக்கிறது என்று எழுதியவர் போட்டிருக்கும் குறிப்பை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை படிப்பேன். மறுபடியும் ஒரு வருடப் பட்டியலைத் தயாரித்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒரு எழுத்து மாறாமல் இருந்தால்தான் அடுத்ததற்குப் போவேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று ஊருக்கே தெரியும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் அது எங்கிருந்து வந்ததோ, வந்தது.

நடுவில் ஒரு முடிச்சு விழுந்தது. செய்தி அனுப்பும் பேக்கேஜ், நாள் கணக்குப் பேக்கேஜின் புதிய பதிப்புதான் வேண்டும் என்றது. பட்டியலை அச்சடிக்கும் பேக்கேஜ், பழைய பதிப்பு இருந்தால்தான் வேலை செய்வேன் என்றது. ஒரே வீட்டில் இரண்டையும் வைத்திருக்க முடியாது. மூன்று நாள் இரண்டுக்கும் சமாதானம் பேசிப் பார்த்தேன். நடுத்தரமான பதிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அச்சுப் பேக்கேஜை எழுதியவர் அதைத் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது. நான்காம் நாள் காலையில், பசியாறிக்கொண்டிருந்தபோது, ஒரு பேரும் ஒரு முகவரியும் அச்சடிக்க எனக்கு இவ்வளவு பெரிய பேக்கேஜ் எதற்கு என்று தோன்றியது. போடா நீயும் உன் பிடிவாதமும் என்று அதைத் தூக்கி எறிந்தேன். மத்தியானத்துக்குள் நாற்பது வரியில் நானே ஒன்று எழுதினேன். நம்பி நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று குறைந்தது. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து வீட்டுக்காரர் லாட்டரி விழுந்ததா என்று கேட்டார்.

கடைசியாக நாள் கணக்குப் பேக்கேஜ். என்னைக் கவிழ்த்த அதே பேக்கேஜ். புதிய பதிப்பு மலேசியாவின் ஒவ்வொரு மாநிலத்து விடுமுறையையும் தெரிந்து வைத்திருந்தது. மெஷினுக்குப் பொது விடுமுறை கிடையாது, அதனால் அந்த வசதியை மூடிவிட்டு ஒப்பிட்டேன். முந்நூற்று அறுபத்து நான்கு நாள் பொருந்தியது. ஒரே ஒரு நாள் பொருந்தவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்தத் தேதியை நோண்டிப் பார்த்தேன். பொது விடுமுறை ஒன்று வெள்ளிக்கிழமையில் விழுந்தால், கெடாவில் சனியும் வார விடுமுறை என்பதால், அதற்குப் பதிலாக ஞாயிறு விடுமுறை தருவார்கள். அந்த மாற்று விடுமுறைக்குப் பேக்கேஜில் தனியாக ஒரு விசை இருந்தது. பொது விடுமுறையை மூடியவள் அதை மூடவில்லை. அது இருப்பதே எனக்குத் தெரியாது. ஏழு மாதம் கழித்து வரப்போகும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, “நாளை பயணம் இல்லை” என்ற அதே செய்தி போயிருக்கும். விசையை மூடினேன். மறுபடி ஒப்பிட்டேன். முந்நூற்று அறுபத்தைந்தும் பொருந்தியது. சாப்பாட்டு மேசையை ஓங்கித் தட்டி, “மாட்டினியா!” என்று கத்தினேன். அடுத்த வீட்டு ஆன்ட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

எல்லாரும் பயப்படுகிற அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் நிலையத்தில் மாற்றினேன். மெஷின்கள் ஓய்வாக இருக்கிற ஒரே நாள். சிஸ்டர் விடுமுறை என்றும் பாராமல் நெத்திலி சம்பலோடு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தேன். பிறகு அந்த நகலில் இருந்து பழையபடி திரும்ப முடிகிறதா என்று திரும்பியே பார்த்தேன், பத்து நிமிடம் ஆனது. அதற்கப்புறம்தான் மாற்றினேன். வீட்டில் குறித்து வைத்த அதே பதிப்புகள், ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைத் திரையில் வரவழைத்தேன். பதினொரு பேர். சிஸ்டர் விரல் வைத்து எண்ணி, ஜன்னலோர மெஷின் அக்காவின் பேரில் நிறுத்தினார்.

“இருக்கு” என்றார்.

வேன் அண்ணனுக்குப் போட்ட கட்டளையையும் திருத்தினேன். “பட்டியல் காலியா வந்தா நம்பாதீங்கண்ணே. ஒடனே எனக்கு போன் அடிங்க. நான் சொன்னா மட்டும்தான் லீவு.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா” என்றார். நியாயம்தான்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பட்டியல் போனது. இருந்தும் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு விடியற்காலை வேனில் அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெளிச்சம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தோட்டத்து வாசலில், மாரியம்மன் கோயில் சுவரோரம், மெஷின் அறைக் குளிருக்கான போர்வைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். வேன் விளக்கு முகத்தில் பட்டதும் அந்தப் பையைக் கீழே இறக்கினார்.

“நீயா தங்கச்சி? என்ன விசேஷம்?”

“ஒண்ணும் இல்லக்கா. சும்மா வந்தேன்.”

இரண்டு மாத வேலை, ஒரு பேக்கேஜ் மிச்சமில்லாமல் எல்லாம் புதுசு, அவர் நின்ற இடத்தில் ஒன்றுமே மாறவில்லை. அதுதான் என் வெற்றி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அக்கா ஐந்து மணிக்கே வந்து நின்றாராம். ஏழு மாதம் போனது. மாற்று விடுமுறை ஞாயிறு வந்தது. டவுனில் பாதிக் கடை மூடியிருந்தது, வேன் ஆறு மணிக்குப் போனது, பதினொரு பேரும் வந்தார்கள். அன்றைக்கு எனக்கு மட்டும் திருவிழா.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலையத்தில் இருந்தேன். வேன் பத்து நிமிடம் தாமதமாக வந்தது. அண்ணன் இறங்கியதுமே ஆரம்பித்தார்.

“ஹாரன் அடிச்சு அடிச்சு கை வலிச்சுப் போச்சுலா! லயமே எழுந்திருச்சு. இந்த அக்கா மட்டும் எழும்பல. தூங்குது! ஞாயித்துக்கெழம அதுவுமா தூங்குது!”

அக்கா பின்னால் இருந்து மெதுவாக இறங்கினார். தலை வாரவில்லை. ரவிக்கைக்கு மேல் ஸ்வெட்டரை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். எல்லாரும் பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“என்னக்கா, வாசல்ல வந்து நிக்கலயா?” என்று கேட்டேன்.

“எதுக்கு நிக்கணும்?” என்றார் அக்கா. “அதான் வேன் வருதே.”